மல்லையன் தூக்கிய கை

போன வெள்ளிக்கிழமை என் மகள் காவேரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூக்கு என்னைப்போல, காது அவள் மாமியாரைப்போல என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு மூக்கு வந்ததே போதும். அவன் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்தபோது மல்லையன் அண்ணன் நினைப்பு வந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் எல்லாருக்கும் முன்னால் வந்து எட்டிப் பார்த்திருப்பார். அவர் கதையைச் சொல்கிறேன்.

வத்தல்மலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு அவருடையது. நெட்டையான ஆள். நடக்கும்போது கழுத்து முன்னால் போகும், உடம்பு பின்னால் வரும். மூன்று பையன்கள். பெண் பிள்ளை இல்லையே என்று அவருக்குக் குறை. அதனால் என் மகள் காவேரியைக் காலையில் ஒரு தரம் தூக்காமல் காட்டுக்குப் போக மாட்டார்.

ஊருக்கு ஒரே ஒரு துப்பாக்கி. அது அவர் கையில் இருந்தது. அவர் அப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி. குழாயில் வெடிமருந்து போட்டு, கம்பியால் குத்தி இறுக்கிச் சுட வேண்டும். லைசென்சு அவர் பேரில். சாமையும் கேழ்வரகும் கதிர் வாங்கும் நேரத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கும். அப்போது அவர் துப்பாக்கியோடு பரண் மேல் இருப்பார். பன்றியைச் சுடுவதைவிட அதைத் திட்டுவதுதான் அதிகம். "நேத்துத்தானே சொல்லி அனுப்பினேன்? இன்னிக்கு மறுக்கா உன் சம்சாரத்தையும் கூட்டியாந்துட்டியா?" என்று பரணிலிருந்து சத்தம் போடுவார். அபூர்வமாக ஒரு பன்றி விழுந்தால் வீட்டுக்கு ஒரு கூறு. ஆள் இல்லாத கிழவிகளின் வீட்டுக்கு முதல் கூறு. இதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

துப்பாக்கி விசயத்தில் அவர் மகா கண்டிப்பு. உள்ளே மருந்து இருக்கிறதோ இல்லையோ, ஒரு பிள்ளை பக்கத்தில் வந்தால் துப்பாக்கி மேலே போய்விடும். குழாய் வானத்தைப் பார்த்து நிற்கும். பிள்ளை தள்ளிப் போகிறவரைக்கும் கையை இறக்க மாட்டார். அந்தப் பழக்கம்தான் அவரை மாட்டிவிட்டது.

மெட்ராசில் காங்கிரசு சர்க்கார் வந்த மறு வருசம். ஆவணி மாசம். எங்கள் மலைக்குப் பஞ்சாயத்து பிரசிடெண்டு எலெக்சன் வைத்தார்கள். அப்போது பெட்டியும் கிடையாது, சீட்டும் கிடையாது. ஆபீசர் பேரைச் சொல்வார், கை தூக்க வேண்டும், குமாஸ்தா எண்ணுவார். யார் யாருக்குக் கை தூக்குகிறார்கள் என்று ஊரே பார்க்கும். நின்றது இரண்டு பேர். ஒருத்தர் காளியப்பன், அதே மலையில் எங்களுக்கு மேலே இருக்கிற மேலூர்க்காரர். இன்னொருத்தர் எங்கள் ஊர் கருப்பண்ணன். இவர் மல்லையனுடைய மச்சான், அவர் மனைவி குள்ளம்மாளின் கூடப் பிறந்த அண்ணன். மல்லையன் யாருக்குக் கை தூக்குவார் என்று யாரும் கேட்கவே இல்லை. கேட்க என்ன இருக்கிறது?

ஆபீசர் திரும்பத் திரும்ப மலை ஏற முடியாது என்று துப்பாக்கி லைசென்சு பார்க்கிற வேலையையும் அதே நாளில் வைத்துக்கொண்டார். அதனால் மல்லையன் கையில் துப்பாக்கியோடு பலா மரத்தடியில் ஓரமாக நின்றார். நான் முன் வரிசையில் இருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் நடந்தது எனக்குத் தெரியாது. ஐப்பசியில்தான் தெரிந்தது. ஆனால் இங்கேயே சொல்லிவிட்டால்தான் உங்களுக்குப் புரியும்.

என் மனைவி செல்லி பெண்கள் பக்கம் பாறை மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வயசுக் காவேரி அவள் மடியிலிருந்து நழுவி, கூட்டத்துக்குள் புகுந்து, நேராக மல்லையன் காலைப் போய்க் கட்டிக்கொண்டது. அதே நேரம் ஆபீசர், "காளியப்பனுக்கு உள்ளவங்க கை தூக்குங்க" என்றார். பிள்ளை வந்ததும் மல்லையனுடைய கை துப்பாக்கியோடு சடக்கென்று மேலே போனது. இன்னொரு கை பிள்ளையின் தலையில். குமாஸ்தா அதையும் ஒரு கையாக எண்ணிக்கொண்டு போய்விட்டார். செல்லி ஓடி வந்து பிள்ளையைத் தூக்கிப்போனாள். எல்லாரும் முன்னால் மேலூர்க்காரர்களின் கைகளையே எண்ணிக்கொண்டிருந்ததால் வேறு யாரும் கவனிக்கவில்லை.

அடுத்து கருப்பண்ணன் பேர். மல்லையன் கை தூக்கினார். குமாஸ்தா அடையாளம் கண்டுகொண்டார்.

"ஏம்பா நெட்டை, நீ ஏற்கெனவே துப்பாக்கியோட தூக்கிட்டே. ரெண்டு தரம் தூக்கப்படாது."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மல்லையன் செல்லி இருந்த பாறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார்.

"சரிங்க. தூக்கினது தூக்கினதுதான்" என்று கையை இறக்கிவிட்டார்.

ஒரே ஒரு கையில் காளியப்பன் ஜெயித்தார். மல்லையன் கை இந்தப் பக்கம் இருந்திருந்தால் கருப்பண்ணன் அதே ஒரு கையில் ஜெயித்திருப்பார்.

அவர் ஏன் சொல்லவில்லை? காவேரி பிறந்த வருசம் மழை பொய்த்தது. என் அம்மாவும் அந்த வருசம்தான் போனாள். பிள்ளைக்கு "மழையை முழுங்கினவ" என்று ஒரு பேர் ஏற்கெனவே ஊரில் இருந்தது. அதோடு எலெக்சன் தோற்றதும் அவளால்தான் என்று ஆகிவிட்டால் அந்தப் பேர் கல்யாணம் வரைக்கும் கூட வரும். அன்று சாயங்காலமே செல்லியிடம் வந்து, "வெளிய ஒரு வார்த்தை சொல்லாத ஆத்தா. பொன்னங்கிட்டயும் சொல்லாத. அவனுக்கு வாய் நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். என் வாயைப் பற்றி அவர் சொன்னது சரிதான்.

அதற்குப் பிறகு மலையே இரண்டாகப் போயிற்று. மேலூர்க்காரர்கள் தப்பட்டை அடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் அடுப்பு எரியாத மாதிரி இருந்தது. குள்ளம்மாள் அண்ணன் வீட்டுக்குக் கேழ்வரகு மாவு கொண்டுபோனால் கதவு திறக்கவில்லை. எந்தப் பக்கம் போனாலும் துப்பாக்கிப் பேச்சுத்தான்.

"லைசென்சு புதுப்பிச்சுத் தரேன்னு மேலூர்க்காரன் ஆசை காட்டியிருப்பான். அதுக்குத்தான் மச்சானையே வித்துட்டான்" என்றான் முனியப்பன். கருப்பண்ணன் கூடவே சுற்றுகிற ஆள்.

"துப்பாக்கி ஒருத்தங்கிட்ட இருக்கறதே தப்பு. ஓட்டுப் போடற எடத்துக்கு எடுத்தாந்தா எவன் தகிரியமா கை தூக்குவான்?" என்றான் இன்னொருத்தன்.

"அது இல்லாட்டி பன்னிய நீ போயி வாயால கடிக்கறியா?" என்றாள் ஒரு கிழவி.

நான் மல்லையனிடம் கேட்டேன். "ஏனுங்கண்ணா, அப்புடிப் பண்ணீங்க?"

"கை தூக்கிக்கிச்சு பொன்னா" என்றார். அவ்வளவுதான்.

கருப்பண்ணன் தர்மபுரி சந்தையில் எழுதத் தெரிந்த ஓர் ஆளைப் பிடித்து ஒரு மனு எழுதிப் போட்டார். துப்பாக்கியைக் காட்டி ஜனங்களை மிரட்டினார், அதனால் லைசென்சை ரத்து செய்ய வேண்டும் என்று. பத்து நாளில் போலீசுக்காரர் வந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு கீழே போய்விட்டார். விசாரணை முடிகிறவரைக்கும் ஸ்டேசனில் இருக்குமாம். மல்லையன் அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கொடுத்தார். "ஈரம் படாம வையுங்க சாமி, துரு புடிச்சிரும்" என்று வளைவு திரும்புகிற வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புரட்டாசியில் சாமை கதிர் வாங்கியது. பன்றிகளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை, அவையே தெரிந்துகொண்டன. காட்டை ஒட்டி இருப்பது கருப்பண்ணன் நிலம். முதல் அடி அங்கேதான். பாதிச் சாமை தரையோடு தரையாகக் கிடந்தது. பொழுது சாயும் நேரத்தில் மல்லையன் ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு, தன் காட்டுக்குப் போகாமல், மச்சான் காட்டு ஓரத்தில் நின்று தட்டினார். கருப்பண்ணன் தன் பரணிலிருந்து பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. தினமும் அப்படி. ஒருத்தர் மேலே, ஒருத்தர் கீழே, நடுவில் டின் சத்தம்.

ஐப்பசியில் ஆபீசர் விசாரணைக்கு வந்தார். அதே பலா மரத்தடி. இரண்டு ஊரும் வந்திருந்தது.

"துப்பாக்கியக் காட்டி மிரட்டினியா?"

"இல்லீங்க."

"பின்ன எதுக்கு அத மேல தூக்கின?"

மல்லையன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இதோ பார். காரணம் சொன்னா நான் எழுதிக்குவேன். சொல்லலேன்னா லைசென்சு ரத்துதான். உங்க ஊருக்கு மறுபடி ஒண்ணு வாங்கறது லேசு இல்ல."

"ரத்துப் பண்ணிக்கோங்க சாமி" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோறு வேண்டாம் என்று ஒருத்தன் சொல்வதுபோல இருந்தது. குள்ளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போது செல்லி எழுந்தாள். இடுப்பில் காவேரி. ஆம்பிளைகள் நடுவில் புகுந்து ஆபீசர் முன்னால் போய் நின்றாள். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தப் புள்ளைக்காவத் தூக்கினாருங்க. நீங்க கை தூக்கச் சொன்னீங்க, அதே நேரத்துல இது ஓடிப்போயி அவரு கால்ல வுழுந்துச்சு. புள்ள கிட்ட வந்தா மாமா துப்பாக்கிய மேல தூக்கிருவாரு. எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கேளுங்க."

"அத ஏன் அவரு சொல்லல?"

"இவ மேல பழி வந்துரும்னு" என்றாள். பிள்ளையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

மல்லையன் தலையைக் குனிந்துகொண்டு, "சொல்லாதன்னு சொன்னேனே ஆத்தா" என்றார்.

பின்னாலிருந்து முனியப்பன் சத்தம். "அதான பாத்தேன். மழைய முழுங்குனுது, இப்ப எலெக்சனையும் முழு..."

"வாய மூடுடா!" என்றார் கருப்பண்ணன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பார்வை மல்லையன் மேல் இருந்தது.

ஆபீசர் பேனாவை மூடினார். "கருப்பண்ணா, அப்போ அந்த ஒரு கை கணக்குல தப்பு. நீ எழுதிக் குடுத்தா மறுபடி ஓட்டெடுப்பு வைக்கச் சொல்லி நான் மேல அனுப்பறேன். நீ ஜெயிக்கவும் ஜெயிக்கலாம்."

காளியப்பன் முகம் சுண்டிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் கருப்பண்ணனையே பார்த்தார்கள். பிரசிடெண்டு நாற்காலி ஓர் எட்டு தூரத்தில் இருந்தது. அந்த மனுசன் அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும்.

அவர் போய்க் காவேரி முன்னால் நின்றார். அவள் அவர் மீசையைப் பிடித்து இழுத்தாள்.

"வாணாங்க" என்றார். "மறுக்கா கை தூக்கினா நான் ஜெயிச்சாலும் இவ பேருதான் அடிபடும், தோத்தாலும் இவ பேருதான் அடிபடும். காளியப்பனே இருக்கட்டும். நான் போட்ட மனுவக் கிழிச்சிருங்க."

"கிழிக்க முடியாது. வாபஸ் வாங்கிக்கலாம்."

"வாங்கிக்கறேன்."

காளியப்பன் எழுந்து தொண்டையைச் செருமினார். "பெரிய மனுசன்யா நீ" என்றார். பிறகு சும்மா இருக்க முடியாமல், "அப்ப நான் பாதி பிரசிடெண்டுதான்னு சொல்லுங்க" என்றார். இரண்டு ஊரும் சிரித்துவிட்டது. சிரிப்பு அடங்கியபோது கூட்டம் எந்தப் பக்கம் எந்த ஊர் என்று தெரியாமல் கலந்து நின்றது.

துப்பாக்கியைத் திரும்ப வாங்க, இவர் நல்லவர் என்று இரண்டு பேர் கைநாட்டு வைக்க வேண்டும். கருப்பண்ணனும் நானும் மல்லையனோடு தர்மபுரிக்குப் போனோம். போகிற வழியெல்லாம் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் என்னிடமே பேசினார்கள். ஸ்டேசனில் கருப்பண்ணன் கட்டைவிரலை மையில் அமுக்கி அமுக்கித் தேய்த்து வைத்தார். மல்லையன் துப்பாக்கியைச் சுற்றியிருந்த பழைய வேட்டியைப் பிரித்து, குழாயை முகர்ந்து பார்த்து, "துரு இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சந்தையில் உப்பு வாங்கிக்கொண்டு திரும்பினோம். அடிவாரத்தில் ஏற்றம் தொடங்கியது. மல்லையனுக்கு மூச்சு வாங்கியது.

"குடு மாப்ளே, நான் கொஞ்ச தூரம் தூக்கியாறேன்" என்று கருப்பண்ணன் கையை நீட்டினார்.

"தொடாத மச்சான். லைசென்சு எம்பேர்ல. வேற ஆளு தூக்கினா கேசு."

"இங்க எவன் பாக்கறான்?"

"எவனாச்சும் மனு எழுதிப் போட்ருவான்."

கருப்பண்ணன் நின்றுவிட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரு மரத்தைப் பார்த்தேன்.

"மனு எழுதுனவனுக்கு ஒரு கோழி குடுத்தேன் மாப்ளே" என்றார் மெதுவாக. "நல்லா முட்டை வெக்கற கோழி."

"எந்தக் கோழி?"

"எந்தங்கச்சி குஞ்சா குடுத்துச்சே. அந்தக் கோழி."

மல்லையன் பாறை மேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நான் கிட்டப் போனேன். சிரிக்கிறார். "அடப் பாவி மச்சான், எம்மேல மனுப் போட எம்பொண்டாட்டி கோழியவே குடுத்திருக்கியே! அவகிட்டச் சொல்லிராத. இத மட்டும் அவ மன்னிக்க மாட்டா."

"நீயும் சொல்லிராத."

"பொன்னன் இருக்கான்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கருப்பண்ணன் குனிந்து உப்பு மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இதுக்கு லைசென்சு வாணாமில்ல?" என்று முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினார்.

"பொழுதோட எங்காட்டுக்கு வந்திரு மாப்ளே. ஆனா கீழ நிக்காத. பரண் மேல ரெண்டு பேருக்கு எடம் இருக்குது."