உள்ளே இருந்த அந்த ஒரு ஆள்

எங்கள் கல்லூரி நூலகத்தில் ஜர்னல் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. தெரியாது என்று சொன்னால் அவர் விடவும் மாட்டார். ஆய்விதழ்ப் பிரிவுக்கு இருபத்தாறு வருடமாக அவர்தான் எல்லாம். அடுத்த மேஜையில் புத்தகம் கொடுத்து வாங்குகிற நான், அவரிடம் வாங்கிய திட்டைச் சேர்த்து வைத்திருந்தால் தனி அலமாரி வேண்டும்.

இதழ்கள் காகிதத்தில் வந்த காலத்தில், உறையைப் பிரித்ததும் ‘வந்து சேர்ந்தது’ என்று ரப்பர் முத்திரை குத்துவார். பிறகு வாசகர் கண்ணில் படும்படி நாள் முழுக்க விரித்து வைப்பார். ஒருநாள் நிர்வாகம், எல்லா இதழும் இனிமேல் கணினியில் மட்டும்தான் என்று சொல்லிவிட்டது. அக்கா முத்திரையும் கையுமாகத் திரைக்கு முன்னால் நின்றார்.

“எங்கடா தம்பி குத்தறது?”

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரித்துத் தொலைத்தேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அதற்காக அக்கா அசருகிற ஆளா? தினமும் காலையில் நாற்பத்திரண்டு இதழ்களையும் திரையில் ஒவ்வொன்றாகத் திறப்பார். புதிதாக வந்ததற்குப் பதிவேட்டில் முத்திரை குத்துவார். “விட்டா பால் பாக்கெட் மேலயும் குத்திடுவா” என்பார் அவர் வீட்டுக்காரர்.

அன்றைக்கு ஓர் ஆராய்ச்சி மாணவி ஏழு மாத வயிற்றோடு மூச்சு வாங்க வந்தாள். மண்புழுவைப் பற்றி ஆறு வருட உழைப்பு. ஒரு கட்டுரையைப் படித்து அதற்குப் பதில் எழுதும்படி தேர்வாளர் சொல்லியிருந்தார். மாலை ஐந்து மணிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவளுடைய பதிவே ரத்து. அந்தக் கட்டுரை வந்த இதழைத் திறந்தால், ‘வேறொருவர் உள்ளே இருக்கிறார், பிறகு வரவும்’ என்றது திரை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் படிக்கலாம் என்பதுதான் அதற்குக் கட்டியிருந்த சந்தா.

“கடைசி நாள்ல வந்து நிக்கிறியேம்மா!”

“மூணு நாளா பாக்கறேன்க்கா. எப்ப வந்தாலும் யாரோ உள்ள இருக்காங்க.”

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. “எவன் அவன், மூணு நாளா உள்ள குடித்தனம் நடத்தறவன்?”

முழங்கால் வலியோடு மூன்று மாடி ஏறினார். வேதியியல் துறையில் ஒருவர் விடாமல் விசாரித்தார். விலங்கியல் தலைவர் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். “சார், உள்ள இருந்தா உடனே வெளிய வந்துடுங்க!” என்று அக்கா போட்ட சத்தத்தில், “நான் இங்கதானேம்மா இருக்கேன்” என்று அந்த மனிதர் எழுந்தே நின்றுவிட்டாராம்.

ஒன்றரை மணிக்கு வெறுங்கையோடு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுக்கப் போன நான் அவருடைய திரையைப் பார்த்தேன். காலையில் திறந்த நாற்பத்திரண்டும் அப்படியே திறந்திருந்தன.

“அக்கா, இதையெல்லாம் மூடவே மாட்டீங்களா?”

“மூடிட்டா வர்றவங்க எப்படிடா படிப்பாங்க? விரிச்சு வச்சாத்தானே...”

பாதியில் நிறுத்தினார். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடின கதைதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

“ஐயோ, நானேவா!”

அவர் மூடினார். அடுத்த நிமிடம் மாணவிக்குக் கட்டுரை கிடைத்தது. அச்செடுத்த தாள்களோடு அவள் ஓடப் போனபோது, “இரு!” என்று மறித்தார் அக்கா.

“அக்கா, நேரமாச்சு!”

முதல் பக்கத்தில் ‘வந்து சேர்ந்தது’ என்று ஒரு குத்து குத்திவிட்டுத்தான் விட்டார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள்.

செய்தி வந்ததும் அக்கா மறுபடி மாடிப்படி ஏறினார். நானும் கூடப் போனேன். ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, “உள்ள இருந்தது நான்தான் சார், மன்னிச்சிடுங்க” என்றார்.

விலங்கியல் தலைவர் சிரித்தார். “சொல்லாம விட்டிருந்தா யாருக்கும்மா தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுமே சார். அந்தப் பொண்ணு மூணு நாள் என் கதவுலதான் நின்னிருக்கா.”

மறுநாள் காலை ஒவ்வோர் இதழாகத் திறந்தார், பார்த்தார், மூடினார். நாற்பத்திரண்டும் முடிந்ததும் எழுந்து, ஆளில்லாத வாசிப்பறையைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

“உள்ள யாரும் இல்ல. வாங்க.”