சீராகப் போன கிடாரி

செவலைக் கிடாரி திரும்பி வந்த அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அது அத்தைக்குச் சீராகக் கொடுத்து அனுப்பிய மாடு. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவின் ஒரே தங்கையை அங்கிருந்து பாலக்கோட்டுக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாண வண்டியின் பின்னால் ஒரே ஒரு தடவை நடந்துபோன வழியைக் கிடாரி மனப்பாடமாக வைத்திருந்தது. அறுந்த கயிறு கழுத்தில் தொங்க வந்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், நேரே புறக்கடைக்குப் போய்க் கழுநீர்த் தொட்டியில் வாயை வைத்தது. தொட்டி காலியானதும், கொட்டகைக்குப் பின்னால் கடலைக்கொடி அடுக்கியிருக்கும் மூலைக்குத் திரும்பியது. நான் கூடவே ஓடி ஓடி வேடிக்கை பார்த்தேன்.

"தீனி கண்ட எடத்த மாடு மறக்குமா?" என்று அப்பா பெருமையாகச் சொன்னார். மறுநாள் அத்தையின் புருஷன், எங்கள் மாமா, வந்தார். காப்பி குடித்தார். எங்கள் கடலைக்கொடியைப் புகழ்ந்தார். மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்.

அந்த வருஷம் மழை இல்லை. ராகித் தாளுக்கே ஊர் ஊராக அலைந்தார்கள். கோடையில் கிடாரி மறுபடி வந்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அம்மா அதன் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாட்டுக்கே இப்படின்னா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். மழை பெய்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்று அப்பா மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். மாமா ஒன்றும் மறுக்கவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் அத்தை வந்தாள். கையில் பை இல்லை, காலில் செருப்பும் இல்லை. புறக்கடை வழியாக நுழைந்து அடுப்படியில் உட்கார்ந்து, "இருக்கறதப் போடுங்கண்ணி" என்றாள். அம்மா களியை உருட்டிப் போட்டாள். இன்னொன்று போட்டாள். அப்பாவுக்கு எடுத்து வைத்திருந்ததையும் போட்டாள். அத்தை தலை நிமிராமல் தின்றாள். கல்யாணத்துக்கு முன்னால், இன்னும் ஒரு வாய் தின்னு என்றாலே சண்டைக்கு வருகிறவள் அவள்.

சாயங்காலம் அப்பா காட்டிலிருந்து வந்ததும் அடுப்படியில் தாழ்ந்த குரலில் பேச்சு நடந்தது.

"கொஞ்ச நாளு இங்கயே இருக்கட்டுங்க. வயித்துல புள்ள வேற இருக்குது" என்றாள் அம்மா.

"சொல்லாம கொள்ளாம வந்தவள வூட்ல வெச்சுக்கிட்டா ஊரு என்ன பேசும்? அப்பறம் அவங்க வேண்டாம்னு வுட்டுட்டா?"

"மாட்ட வெச்சுக்கிட்டீங்களே."

அப்பா விடிந்ததும் அத்தையைக் கொண்டுபோய் விடக் கிளம்பினார். அம்மா அவள் மடியில் வறுத்த கடலைக்காயைக் கொட்டி முடிந்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகு அத்தையை நாங்கள் உயிரோடு பார்க்கவில்லை. பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. உடம்பில் ரத்தமே இல்லை என்று சொன்னார்களாம். கிடாரியைக் கேட்டு மாமா வரவில்லை. அப்பா அதை விற்கவும் இல்லை. எத்தனை வேலை கிடந்தாலும் அதற்கு அவரேதான் தீனி வைப்பார். வேறு யாரையும் வைக்க விடமாட்டார்.

அப்பா அத்தையைக் கொண்டுபோய் விடக் கிளம்பிய அன்று வழியனுப்ப நானும் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் போயிருந்தேன். நின்றதுமே அத்தை மடியை அவிழ்த்தாள். எனக்கு ஒரு பிடி கொடுத்துவிட்டு, உரித்து உரித்து வாயில் போட்டுக்கொண்டே இருந்தாள். காலடியில் ஓடு குவிந்தது.

"ஏனுங்கத்தெ, ஊருக்குப் போயித் தின்னுக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"அங்க கொண்டுபோனா எனக்கு ஏது கண்ணு?" என்றாள் அத்தை.

அப்பா எங்கள் பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் வந்தது. அந்த வீட்டில் பங்கு கேட்கிற சின்னப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தபடி நான் கையசைத்தேன்.