சாலோமியின் ஜெபக் குறிப்பு

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இன்பமணிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாருக்காக ஜெபித்தாலும் பெயரைச் சொல்லித்தான் ஜெபிப்பாள். அஞ்சாம் வகுப்போடு படிப்பு நின்றவள்தான். ஆனால் அவள் ஒரு சங்கதியைச் சொல்லத் தொடங்கினால் சபையில் கைக்குழந்தைகூட அழாது.

ஆற்றுக்குப் போகிற முக்கில் மதுக்கடை வந்து நாலு வருஷம். எடுக்கச் சொல்லி ஊரார் மனுக் கொடுத்து ஓய்ந்துவிட்டார்கள். கங்கைகொண்டானில் வேலை பார்க்கிற மகன் கிங்ஸ்டன்தான், மனுவை யார் வாசிக்கிறார்கள், கதை என்றால் வாசிப்பார்கள் என்று சொல்லி, அம்மாவின் கைபேசியில் ஒரு வலைப்பூ தொடங்கிக் கொடுத்தான். அவள் பேசினால் போதும், அது எழுதிக்கொள்ளும். அந்தக் கடையால் தான் பட்ட பாட்டை, செத்துப்போன தன் புருஷன் பட்ட பாட்டை வாரம் ஒன்றாகச் சொன்னாள். பாளையங்கோட்டை, பேட்டையிலெல்லாம் வாசித்தார்கள். கடை மட்டும் அசையவில்லை.

அப்போதுதான் சாலோமியின் கதைக்கு வந்தாள். சாலோமி அடுத்த வீட்டுக்காரி. ஜெபத்தில் அவளோடு ஒரே பாயில் உட்காருகிறவள். படித்துறையில் வழுக்கிக் கை ஒடிந்தது என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். ஒடித்தது குடித்துவிட்டு வந்த புருஷன் என்பதை, இதற்காக ஜெபியுங்கள் என்று ஜெபக் குறிப்பாக, வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருகிற பத்துப் பெண்களிடம் மட்டும் அழுது சொன்னாள்.

பெயரை மாற்றச் சொன்னான் கிங்ஸ்டன்.

"பேரு சொல்லாம என்ன ஜெபம்லே? ஆண்டவருக்கு யாருன்னு தெரிய வேண்டாமா?"

"ஆண்டவருக்குத் தெரியும்மா. ஊருக்குத் தெரியணுமா?"

அவள் சிரித்துக்கொண்டே அப்படியே போட்டுவிட்டாள்.

கதை கைபேசிக்குக் கைபேசி பறந்தது. பத்திரிகைக்காரர் வந்தார். இருபதாம் நாள் கடையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் சாலோமியின் மகள் ஸ்டெபியை நிச்சயம் பண்ண இருந்தவர்களும் வாசித்துவிட்டார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்க யோசனையாயிருக்கிறது என்று ஆள் விட்டுச் சொன்னதோடு சரி, அப்புறம் பேச்சில்லை.

கேள்விப்பட்டதும் இன்பமணி கதையை அழித்தாள். தன் கையில் இருந்ததை அழிக்கலாம், ஊரார் கையில் இருப்பதை என்ன செய்ய? சாலோமி வீட்டு வாசலில் போய் நின்று, மன்னிச்சிரு என்றாள். சாலோமி காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"நீ பொய் ஒண்ணும் சொல்லல மைனி. சொல்லியிருந்தா உன்கூடச் சண்டையாவது போட்டிருப்பேன்."

கடை போனதற்கு ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். போதகர் இன்பமணியைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். எழுந்து போனவள், பாயில் தன் பக்கத்து இடம் காலியாய்க் கிடந்ததைப் பார்த்தாள். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாலோமி ஜெபத்துக்கு வந்தாள். வேறு பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உதட்டோரம் வீங்கியிருந்தது, புருஷன் இப்போது அடுத்த ஊர்க் கடைக்குப் போகிறான். ஒவ்வொருத்தியாக ஜெபக் குறிப்புச் சொல்லி வந்தார்கள். சாலோமியின் முறை வந்தது.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கோம்."

முடிவு ஜெபம் இன்பமணிக்கு. முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடினாள். வழக்கம்போல் அவள் பெயர்களைச் சொல்லி வருவாள் என்று காத்திருந்தார்கள்.

"உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்றாள். அதோடு ஆமென் சொன்னாள்.