ஆனை உறுதி என்று ஓட்டிய வண்டி

அந்த வருஷம் மலையடியில் ஒரு வீட்டு ராகி முழுக்கப் போய்விட்டது. தின்றது ஆனை. அதைக் கதிருக்குள் துரத்திவிட்டது எங்கள் சுற்றுலா வேன். ஓட்டினவன் நான்.

காடு காட்டுகிற தொழிலில் காட்டைத் தவிர எல்லாவற்றையும் காட்டுவார்கள். மலிவாகக் காடு பார்க்கக் கிளம்பி ஏமாந்தவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

போர்டு

அறுபதுகளின் கடைசி. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே முதலாளி ஒரு மேஜை போட்டிருந்தார். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த வேன் ஒன்று. பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் காட்டுக்குள் போய், சாயங்காலம் ஆனை காட்டி, திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். மற்றவர்கள் கேட்பதில் பாதிதான் கட்டணம். போர்டில் ‘ஆனை உறுதி’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

கம்பைநல்லூரிலிருந்து ஒரு புளி வியாபாரி குடும்பத்தோடு வந்தார். ஆனை வருமா என்று என்னைக் கேட்டார். வந்தால் வரும், அது என்ன நம் வீட்டுப் பசுவா என்றேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். முதலாளி பின்னாலேயே ஓடி, கையைப் பிடித்து அழைத்துவந்து, சன்னல் ஓரமாக உட்காரவைத்தார். அப்புறம் என் பக்கம் வந்தார்.

“நீ வண்டிய மட்டும் ஓட்டுப்பா. வாய நான் ஓட்டிக்கறேன்.”

மணி

போர்டில் எழுதியது ஆனைக்குத் தெரியுமா? வாரக்கணக்கில் வராது. அப்போதெல்லாம் முதலாளி கை நீட்டுகிற இடத்தில் எது நின்றாலும் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார். நாய் ஓநாயாகும். பாறை கரடியாகும்.

ஒரு நாள் இருட்டி மசங்குகிற நேரம். புதருக்குள் ஒரு கறுப்பு முதுகு. “காட்டெருமை! ஆரும் பேசாதீங்க!” என்றார். வண்டியே மூச்சை அடக்கிக்கொண்டது. நல்லம்பள்ளியிலிருந்து வந்த ஓர் அம்மா மட்டும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். வீட்டில் மாடு கறக்கிறவள்.

“ஏனுங்க, காட்டெருமைக்கு மணி கட்டினது ஆருங்க?”

வெடி

அதற்கு வண்டியே சிரித்த சிரிப்பு முதலாளிக்குத் தாங்கவில்லை. மறு வாரமே ஆள் வைத்துவிட்டார். ஆனைகள் தண்ணீருக்கு வருகிற குட்டைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், ஒரு பை நிறைய வெடி. நான் ரோட்டில் நிறுத்தி ஹார்ன் அடிக்கவேண்டும். உடனே அங்கே வெடிக்கும். ஆனைகள் தண்ணீரில் துதிக்கை வைக்காமல் எங்கள் கண்ணுக்கு முன்னால் ரோட்டைத் தாண்டி ஓடும். வண்டியில் இடம் கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போனார்கள். இது வேண்டாம் முதலாளி என்றேன். சாவியை வைத்துவிட்டுப் போ என்றார். வீட்டில் அடுப்பு எரியவேண்டும். ஓட்டினேன்.

ஒரு தடவை குட்டி ஒன்று. தாய் தாண்டிவிட்டது. இது சரிவில் வழுக்கி விழுந்து, எழுந்து, கத்திக்கொண்டே ஓடியது. ஏதோ ஆபீஸில் வேலை பார்க்கிறவர், இஸ்திரி மடிப்புக் கலையாத பேண்ட், எழுந்து நின்று கைதட்டினார்.

“குட்டி ஓடறது பிரமாதம் டிரைவர். இன்னொரு தடவை ஓட வைக்கச் சொல்லுங்க.”

மேட்டுக் காடு

ஓடின ஆனை எங்கே போய் நிற்கும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. ரோட்டுக்கு மேலே மேட்டில் ராகிக் காடுகள், மழையை நம்பி விதைக்கிற நிலங்கள். அங்கிருந்து மாதம்மாள் என்கிற பெண்பிள்ளை ஒரு நாள் இறங்கிவந்து வண்டியை மறித்தாள். கையில் நசுங்கிப்போன ராகித் தாள். முதலாளி சன்னல் வழியாகவே, ஆனை செய்ததற்கு ஆனையைக் கேள் என்றார்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்று சொல்லி நான் இறங்கினேன். அவளோடு ஏறிப் போய்ப் பார்த்தேன். பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது காடு. வருஷம் முழுக்க அந்த வீட்டுக்குக் களி அதுதான். அந்த வருஷம் அவள் புருஷனோடு கர்நாடகத்துக் காபித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனதாக அப்புறம் கேள்விப்பட்டேன். அன்றைக்கு அவள் சொன்னது இது:

“ஆனை எங்களுக்குப் புதுசுங்களா? காவல் பரண்ல இருந்து தகரம் தட்டுனா திரும்பிப் போயிருமுங்க. இப்ப முன்னால எங்க தகரம், பின்னால உங்க வெடி. அது எங்கீங்க போவும்?”

முள்

மறு வருஷம் மாதம்மாள் திரும்பிவந்து விதைத்திருந்தாள். கதிர் பிடித்த சமயம். அன்றைக்கு வண்டியில் ஏரியூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடியானவர்கள், கோயிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரோடு. குட்டைக்கு முந்தின வளைவில் ரோடு முழுக்க வேலமுள் வெட்டிப் போட்டிருந்தது. முள்ளுக்குப் பின்னால் அவள். கூட அந்த ஊர்ப் பெண்கள்.

“ஏத்துடா மேல!” என்றார் முதலாளி. டயர் தாங்காது என்று சொல்லி இன்ஜினை நிறுத்திவிட்டேன்.

அவள் முதலாளியைத் திரும்பியே பார்க்கவில்லை. சன்னல் பக்கம் வந்தாள். “ஆனை பாக்க வந்தீங்களா சாமி? மொதல்ல எங்க ராகியப் பாத்துட்டுப் போங்க. நாளைக்கு இருக்காது” என்றாள். எல்லாரும் இறங்கி ஏறிப் போனார்கள். வெடி, ஓட்டம், காபித் தோட்டம் எல்லாம் சொன்னாள். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவர்கள் ஊரிலும் அதே ராகி, அதே பருவம். ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்த உபதேசியார், கீழே வந்ததும் முதலாளியிடம் சொன்னார்:

“எங்களுக்கு ஆனை வேணாங்க, வண்டியத் திருப்புங்க. இந்த வெடிச் சேதியப் பூசை முடிஞ்சதும் கோயில்ல நானே சொல்லிப்போடறேன்.”

சொல்லவும் செய்தார். சந்தைக்குச் சந்தை பேச்சுப் பரவியது. இருக்கை காலி. வெடிக்காரர்களை முதலாளி நிறுத்தினார். கதிர் நிற்கிற மாதங்களில் அந்தப் பக்கம் வண்டி கிடையாது என்று அவளிடமே போய் ஒப்புக்கொண்டார். மற்ற மாதங்களில் அந்த ஊர் ஆள் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஆனை வராமலும் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் ஏற்றினோம். நீங்களும் அப்படிச் சொல்கிறவன் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். அந்த வருஷத்து ராகி வீடு சேர்ந்தது. முந்தின வருஷத்து ராகியை யாரும் திருப்பித் தரவில்லை.

ஆனையைத் துரத்த எங்களுக்கு ஒரு பை வெடி வேண்டியிருந்தது. எங்களைத் துரத்த ஒரு கட்டு முள்ளோடு நின்ற மாதம்மாள் போதுமாயிருந்தது.