தண்ணீரும் சோப்பும் கேட்டவர்

சவரியம்மா அக்கா இறந்துவிட்டார் என்று சங்க அலுவலகத்திலிருந்து ஆள் வந்து சொல்லி நான்கு நாளாகிறது. அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்புகிறேன். இரங்கல் கூட்டத்தில் அவரைச் சாந்தமே உருவானவர் என்றார்கள். அக்காவா? நல்ல கதை! அவரோடு பழகியவர்களுக்குத் தெரியாதா? சங்க வேலைக்காகப் போலீஸ் தேடியபோது, காய் விற்பவள்போலக் கத்தரிக்காய்க் கூடை சுமந்து நெய்க்காரப்பட்டிப் பக்கம் தலைமறைவாகத் திரிந்தபோதும், பெண்களை அடித்த பண்ணைக்காரரோடு சண்டைக்குப் போய்ப் போலீசில் மாட்டிக்கொண்டவர். "வாயப் பொத்திக்கிட்டு இருக்கவா ஒளிஞ்சேன்?" என்பார்.

திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கம்பெனியில் நாங்கள் இலையிலிருந்து காம்பு கிழித்துக்கொண்டிருந்த காலம். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்துத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஓடி வர வேண்டும். கை கழுவத் தண்ணீர் கிடையாது. நான்கு மாதத்து என் மகள் குடித்ததையெல்லாம் கக்கினாள். நாளுக்கு நாள் துவண்டாள். கண்ணேறு என்றார் மாமியார். என் பாலே சரியில்லை என்று நான் அழுதேன்.

சங்கம் கட்ட வந்த அக்கா என் கையை முகர்ந்து பார்த்தார். "ஒம் பால்ல ஒண்ணும் இல்லடி. பொகையில ஒட்டுன இந்தக் கையில இருக்கு வெசம்." எனக்கு உயிரே போய்விட்டது.

கோரிக்கைகளில் தண்ணீர்க் குழாயும் சோப்பும் சேர்க்கச் சொன்னார் அக்கா. சங்கத் தலைவர் மறுத்தார். "கூலி கேக்குற எடத்துல சோப்பக் கேட்டா மொதலாளி சிரிப்பாரும்மா."

வேலையிலிருந்து வந்த என்னை இழுத்துப்போய்த் தலைவர் முன் நிறுத்தி, என் விரலை அவர் வாயருகே நீட்டினார் அக்கா.

"செத்த நேரம் வாயில வைங்க தோழர்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பச்சப்புள்ள தெனமும் வைக்குது."

அந்தக் கோரிக்கைதான் பட்டியலில் முதலாவதாக ஏறியது. வேலைநிறுத்தத்தில் அக்கா மறுபடியும் சிறைக்குப் போனார். குழாய் வந்தது. மகள் தேறினாள்.

இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நான் அழுவதைப் பார்த்து, "யாரும்மா அவங்க?" என்கிறாள். அக்காவைப் பற்றிச் சொன்னால் என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டுமே என்று இத்தனை வருடம் வாயே திறக்கவில்லை, பாவி நான். அக்காவின் படம்கூட என்னிடம் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என் மகள்தான். அது அவளுக்குத்தான் தெரியாது.