ஒரு மணிக்கு எடுக்காத அழைப்பு

ஷெட்லாந்திலிருந்து ஃபாரோ தீவுகளுக்குப் பாய்மரப் படகில் தனியாகப் போகிறேன் என்று மகள் சொன்னபோது நான் தடுக்கவில்லை. முப்பத்தொரு வயது, இங்கே சுவிஸில் பீல் ஏரியில் படகோட்டிப் பழகியவள். தாயும் இல்லாததால், கரையில் அவளுக்குப் பொறுப்பு நான்தான். ஓல்டனில் என் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினாள். கடல் மீட்புப் பணியின் தொலைபேசி இலக்கம்.

"பன்ரண்டு மணிக்கு என்ரை தகவல் வரும். வராட்டி ஒரு மணிக்கு இதுக்கு அடியுங்கோ அப்பா. யோசிச்சுக்கொண்டு நிக்கவேண்டாம்."

"நான் என்ன சின்னப்பிள்ளையோ?"

"சின்னப்பிள்ளை எண்டால் சொன்னபடி செய்யும். அதுதான் பயம்" என்று சிரித்தாள்.

இரண்டாம் நாள் தகவல் வரவில்லை. அந்த நேரம் ஷாஃப்ஹவுசனிலிருந்து ஒரு குடும்பம் என் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தங்கள் மகனுக்கு அவளைக் கேட்டு வந்தவர்கள். அவளுக்குத் தெரியாமல் நானே நாள் குறித்திருந்தேன். வேலை விசயமாக நோர்வே போயிருக்கிறாள் என்று சொல்லியிருந்தேன். தனியே கடலோடும் பெண் என்றால் எழுந்துவிடுவார்கள். அவர்கள் வருமுன் அந்தத் தாளைக்கூடக் கழற்றி, கரண்டி லாச்சியை இழுத்து உள்ளே வைத்து மூடிவிட்டேன்.

"பிள்ளை தனியவோ போனவ?" மாப்பிள்ளையின் தாய் கேட்டார்.

"இல்லை, ஆக்களோடைதான்."

"இந்தக் காலத்துப் பிள்ளையள் மலையேறுறன், பறக்கிறன் எண்டு நிக்குதுகள். எங்கடையவன் லிஃப்டிலை ஏறவே பயப்பிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணி ஒன்றே கால்.

சமையலறைக்குக் கதவில்லை, பேசினால் கேட்கும். படிக்கட்டுக்குப் போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை. பாயசம் ஊற்றினேன். நாலு மணிக்கு அவர்கள் போனபிறகே லாச்சியைத் திறந்தேன்.

ஹெலிகாப்டர் அவளை மாலையில் தூக்கியது. கயிற்றில் சிக்கி நசுங்கிய இடக்கையோடு காலையிலிருந்து கிடந்திருக்கிறாள். நான் போய்ச் சேருமுன் ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்று மணி நேரம் முந்தியிருந்தால் தப்பியிருக்குமா என்று நான் மருத்துவரிடம் கேட்கவில்லை.

"எத்தினை மணிக்கு அடிச்சனீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு மணிக்கு" என்றேன்.

அழைப்பு வந்த நேரம் எழுதிய மீட்புப் பணியின் அறிக்கை அவள் மடியில்தான் இருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. "ஓம் அப்பா" என்று மட்டும் சொல்லி அதை மடித்தாள்.

அடுத்த கோடையில் மறுபடி போனாள். தாள் இம்முறை கீழ்வீட்டுச் சுவிஸ் அம்மாவின் சுவரில். தினமும் மதியம் பன்னிரண்டுக்கு நான் படிக்கட்டில் போய் நிற்பேன். அவர் கதவைத் திறந்து, தகவல் வந்துவிட்டது என்று தலையசைப்பார். நான் மேலே ஏறி வந்துவிடுவேன்.