அவர் தொட்ட வரிகள்

எங்கள் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் போகும். அனுப்புகிறவன் நான். சரியாகச் சொன்னால், என்றோ நான் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் என்கிற குட்டி நிரல் ஒன்று அனுப்புகிறது. அதை யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. பஞ்சாங்கம் அச்சடிப்பவர் ராகுகாலம் பார்த்தா மிஷினை ஓட்டுகிறார்?

மருந்துக் கம்பெனிகளில் மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் இயந்திரங்கள் உண்டு. அவற்றை இயக்கும் மென்பொருளை எழுதுவது எங்கள் தொழில். எழுதியது சரியா என்று பார்க்கச் சோதனைகள் ஓட்டுவார்கள். ஓட்டும்போது மென்பொருளின் எந்த வரிக்கு வேலை வந்தது, எந்த வரி கடைசிவரை சும்மா படுத்துக் கிடந்தது என்று குறித்துக்கொள்வதற்குக் கவரேஜ் என்று பெயர். சோதனை தொட்ட வரி பச்சை, தொடாதது சிவப்பு. பல இடங்களில் ஓடும் சோதனைகளின் குறிப்புகள் தனித்தனி பைல்களாக பில்ட் சர்வர் என்கிற பொதுக் கணினிக்கு வந்து சேரும். அவற்றைக் கலந்து ஒரே ரிப்போர்ட்டாக்கித் திங்கட்கிழமை அனுப்ப வேண்டும். ஐம்பதைத் தாண்டியவனிடம் கொடுக்கிற வேலையா இது என்று என் மனைவிக்குச் சந்தேகம். பால் சொசைட்டியில் ஊர்ப் பாலையெல்லாம் ஒரே கேனில் ஊற்றுவார்களே, அது மாதிரி என்று விளக்கினேன்.

"அங்க ஊத்துறதுக்கு முன்னாடி பாலைச் சோதிச்சுப் பாப்பாங்க" என்றாள்.

அன்றைக்கு அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் குழுவில் தமிழ் பேசுகிற இன்னொருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. இதே ஊரில், லோத்குண்டாவில் பிறந்து வளர்ந்தவர். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுத் தமிழ் வேலூர்ப் பக்கத்தது. அதன்மேல் இந்த ஊர் தன் உருதுவைத் தாராளமாகத் தாளித்துக் கொட்டியிருந்தது. ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஏன் என்பதற்கு 'கைக்கு'. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. என் விருதுநகர்த் தமிழைக் கேட்டால் சிரிப்பார். "நீங்க பேசினா டிவி போட்ட மாதிரி கீது சார்."

அட்டையில் ஒரு குழி காலியாக இருந்தாலோ, உடைந்த மாத்திரை விழுந்திருந்தாலோ கண்டுபிடித்து அந்த அட்டையைத் தள்ளிவிடுகிற பகுதி அவருடைய பொறுப்பு. சின்னப் பகுதிதான். ஆனால் அது தூங்கிவிட்டால் யாரோ ஒரு நோயாளிக்கு ஒரு வேளை மருந்து கிடைக்காது. அதன் சோதனைகளை அலுவலகத்தில் உட்கார்ந்து ஓட்ட முடியாது. வாரத்தில் இரண்டு நாள் ஜீடிமெட்லாவில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போய், நிஜ இயந்திரத்தில் ஓட்டி, குறிப்புகளைப் பென் டிரைவில் கொண்டுவருவார். மருந்தில்லாத டம்மி மாத்திரைகளைக் கையாலேயே ஒடித்து, அரை, கால், ஓரம் சிதைந்தது என்று ஒரு எவர்சில்வர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார்.

"மாத்திரை ஒடிக்கிறதுக்கு எம்.சி.ஏ. படிச்ச ஒரே ஆள் நான்தான் சார்" என்பார்.

மழை ஆரம்பித்த சமயத்தில் பில்ட் சர்வரை மாற்றினோம். எல்லோரும் சேர்ந்து மாற்றியது போல இருக்கிறது இந்த வாக்கியம். மாற்றியவன் நான். ஒவ்வொரு கவரேஜ் பைலுக்குள்ளும், மென்பொருளின் மூல வரிகள் எந்த ஃபோல்டரில் இருந்தன என்கிற முகவரி எழுதியிருக்கும். புதிய சர்வரில் ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். எல்லாக் கணினிகளிலும் அதே பெயரை வைத்தேன், ஜீடிமெட்லாவில் இருந்த ஒன்றைத் தவிர. அங்கே போகச் சோம்பல். பாலாநகர் நெரிசல், அதற்குப் பிறகு அந்தத் தொழிற்பேட்டையின் மருந்து நெடி. அப்புறம் மறந்தே போனேன்.

கலக்குகிற நிரல் முரட்டு நேர்மையுள்ளது. முகவரி பொருந்தாத பைல் வந்தால், இதை எடுத்துக்கொள்ள முடியவில்லை என்று எச்சரிக்கும். எனக்கு அதன் எச்சரிக்கைகள் பிடிக்காது. உப்புச்சப்பில்லாத காரணங்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாகப் புலம்பும். எனவே முன்பே ஒருநாள், எது நடந்தாலும் வாயை மூடிக்கொண்டு மேலே போ என்று ஸ்கிரிப்டில் ஒரு சொல் சேர்த்திருந்தேன். அது வாயை மூடிக்கொண்டது. அவருடைய பைல்களை எடுத்துப் பார்த்தது, சத்தமில்லாமல் கீழே போட்டது, மேலே போனது.

அடுத்த திங்கட்கிழமை அவர் என் இருக்கைக்கு வந்தார். அந்த மின்னஞ்சலைப் படிக்கிற ஒரே ஆத்மா அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

"இன்னா சார் இது, என் மாட்யூல் முழுக்க சிவப்பா வருது?"

"டெஸ்ட் தொட்டாப் பச்சை, தொடலைன்னா சிவப்பு. ரிப்போர்ட்டுக்கு யாரு மேலயும் பகையில்லம்மா."

"போன வாரம் வரைக்கும் பச்சையா இருந்துச்சே."

"போன வாரம் வரைக்கும் ஓடியிருக்கும். போயி உங்க டெஸ்ட்டைப் பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதைவிட மோசம், சிரித்துக்கொண்டே சொன்னேன். பக்கத்து இருக்கைக்காரரும் சிரித்தார். அந்தப் பெண்மணியும் சிரித்துவிட்டு, "ஹவ் சார், பாக்குறேன்" என்று போனார்.

போய்ப் பார்த்தார். மூன்று மாதம் பார்த்தார். வாரம் இரண்டு நாள் நான்கு நாளாயிற்று. சனிக்கிழமையும் ஜீடிமெட்லா போனார். இருந்த சோதனைகளைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து எழுதினார். ஒரு தடவை கேன்டீனில் பார்த்தபோது, கட்டை விரல் நகத்தின் ஓரம் வெடித்திருந்தது. மாத்திரை ஒடித்து ஒடித்து. "மெஷின்ல எல்லாம் கரெக்டா தள்ளுது சார். என் கண்ணால பாக்குறேன். ரிப்போர்ட்ல மட்டும் வரமாட்டேங்குது. எங்க தப்பு பண்றேன்னு புரியல" என்றார். தோசையின் முறுகல் போய்விடும் என்ற கவலையில், "பொறுமையாப் பாருங்கம்மா, கெடைக்கும்" என்று சொன்னேன்.

தசராவுக்கு முந்திய வாரம் ஆட்குறைப்பு வந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவரை ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். மேலாளர் தன் மேஜையில் திருப்பி வைத்திருந்தது என் ரிப்போர்ட்டின் அச்சுப் பிரதி. அவருடைய பகுதிக்கு நேராக மூன்று மாதமாகப் பூஜ்யம். இதை அந்தப் பெண்மணியே வெளியே வந்து சொன்னார். பையை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம்தான் வந்தார். எவர்சில்வர் டப்பாவை என் மேஜைமேல் வைத்தார்.

"இத்த வெச்சுக்கோங்க சார். அடுத்து யார் அந்த மாட்யூல் பாத்தாலும் வேணும். கடைசி வரைக்கும் என்னால பச்சை ஆக்க முடியல. சாரி சார்."

சாரி கேட்டது அவர். "இதுல என்னம்மா இருக்கு" என்று பெருந்தன்மையாக மன்னித்தது நான்.

அடுத்துப் பார்க்க ஆளில்லாததால் அந்தப் பகுதி என் தலையில் விழுந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்து நெடியைச் சபித்துக்கொண்டு ஜீடிமெட்லா போனேன். அவருடைய சோதனைகளை ஓட்டினேன். இயந்திரம் ஒவ்வொரு உடைந்த மாத்திரையையும் கண்டுபிடித்து, அட்டையை டக் டக்கென்று தள்ளியது. பைல்களைக் கொண்டுவந்து சர்வரில் போட்டேன். ரிப்போர்ட்டில் எல்லாம் சிவப்பு.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்னபோது என் மூளைக்கு மூன்று மாதம் தோன்றாதது, எனக்கு நடந்தபோது மூன்று நிமிடத்தில் தோன்றியது. நான் எழுதிய சோதனையாக இல்லாவிட்டாலும் ஓட்டியது நான் அல்லவா? நான் ஓட்டியது சிவப்பாக வருமா? ரிப்போர்ட்டில்தான் கோளாறு. அந்த வாய்மூடும் சொல்லை எடுத்தேன். எச்சரிக்கைகள் கொட்டின. பழைய ஃபோல்டர் பெயரும் செல்லும் என்று ஸ்கிரிப்டில் ஒரே ஒரு இடத்தில் திருத்தினேன். மூன்று மாதத்துப் பைல்கள் எல்லாம் தேதிவாரியாகக் கிடந்தன, சனிக்கிழமைகள் உட்பட. மறுபடி கலக்கினேன். முதல் வாரத்திலிருந்தே பச்சை. கடைசி வாரத்தில் இரண்டு வரிகளைத் தவிர எல்லாமே பச்சை.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். தெலுங்கும் ஆங்கிலமுமாக அவர் சொன்னதன் சாரம்: லிஸ்ட் மேலே போயாயிற்று, திரும்பாது. ரிப்போர்ட் ஒரு காரணம்தான், அதுதான் காரணம் என்று யார் சொன்னது? இதையெல்லாம் மெயிலில் எழுதி வைக்காதே. இந்தச் சமாதானம் லிஃப்டில் கீழே இறங்கும்வரை எனக்குப் போதுமானதாக இருந்தது. மறு திங்கட்கிழமை மேலாளர் எல்லோருக்கும் மெயில் எழுதினார். மூன்று மாதமாகச் சிவப்பில் கிடந்த பகுதியை ஒரே வாரத்தில் பச்சையாக்கிய மூத்த பொறியாளருக்குப் பாராட்டுகள். கைதட்டும் பொம்மைகள் வரிசையாக வந்தன. நான் மறுக்கவில்லை. எழுதிப் பார்த்தேன், அழித்தேன்.

சனிக்கிழமை காலை லோத்குண்டாவுக்குக் கிளம்பினேன். நோயாளியைப் பார்க்கப் போனால் பழம், கல்யாணத்துக்குப் போனால் கவர். ஒருவர் வேலையைப் போக்கிவிட்டு அதைச் சொல்லப் போகிறவன் என்ன வாங்கிப் போக வேண்டும் என்று முன்னோர்கள் வகுக்கவில்லை. மாத்திரைத் துண்டுகளை வேறொன்றுக்கு மாற்றிவிட்டு, டப்பாவையாவது திருப்பிக் கொடுக்கலாம் என்று கழுவி எடுத்தேன். "வெறும் டப்பாவைத் திருப்பிக் குடுக்கக் கூடாது" என்று மனைவி அதில் சர்க்கரையைக் கொட்டி மூடிக் கொடுத்தாள். என்ன விஷயமாகப் போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கவில்லை. போவன்பள்ளி மார்க்கெட் முன்னால் தக்காளி லாரிகள் வழியை மறித்து நின்றன. வாழ்க்கையில் முதல்முறையாக அவை நகராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நகர்ந்தன.

அவரே கதவைத் திறந்தார். "வாங்க சார், வாங்க" என்று மகிழ்ந்தார். கூடத்தில் அவருடைய அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது என்றார் மகள். நான் நீட்டிய டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், சர்க்கரை! நல்ல சேதியா?" என்றார்.

வழியில் யோசித்து வைத்திருந்த முன்னுரைகள் எல்லாம் போயின. ஃபோல்டர், முகவரி, வாய்மூடும் சொல், எல்லாவற்றையும் சொன்னேன். அச்செடுத்துப் போயிருந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். வெகுநேரம் புரட்டினார்.

"மொதல் வாரத்துலேந்தே பச்சைதானா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் ரெண்டாவது தடவை எழுதினதே வேணாமா?"

"வேண்டியதே இல்ல."

அவர் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார். "மூணு மாசம் என் டெஸ்ட்டைச் சந்தேகப்பட்டேன். மெஷினைச் சந்தேகப்பட்டேன். கண் டெஸ்ட் கூடப் போய் வந்தேன் சார். உங்க ரிப்போர்ட்டை மட்டும் ஒரு நாள்கூட சந்தேகப்படல. கைக்கு? சார் செஞ்சா கரெக்டா இருக்கும்னு."

 

"மேனேஜர் கிட்ட மறுபடி பேசுறேன்" என்றேன்.

"நக்கோ சார். அவங்க கூப்பிட மாட்டாங்க. எனக்கே தெரியும்." அப்பாவின் பக்கம் தலையை ஆட்டினார். "இவர்தான். முப்பத்து நாலு வருஷம் இன்ஸ்பெக்‌ஷன். வேலைல இன்னா தப்பு பண்ணேன்னு தினமும் கேக்குறார். பண்ணலைன்னு சொன்னா, பின்ன கைக்கு ஜீரோன்னு கேக்குறார். எழுதிக் குடுங்க சார். தமிழ்ல. அவர் படிப்பார்."

ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். எழுத்து எனக்குக் கைவந்த கலை என்று ஊரில் நாலு பேர் சொல்வதுண்டு. ஒரு முழுப் பக்கம் வந்தது. தொழில்நுட்பக் காரணங்கள், சர்வர் மாற்றத்தின் சிக்கல்கள், நடுவில் பாலைக் கலப்பது பற்றி ஒரு உவமை.

"இன்னா எழுதினீங்க? எனக்குப் படிக்க வராது, சொல்லுங்க."

படித்தேன். கவனமாகக் கேட்டார்.

"நல்லா கீது சார். ஆனா யார் தப்புன்னு அதுல எங்கயும் வரலையே."

இன்னொரு பக்கத்தில் மறுபடி எழுதினேன். இந்த முறை மூன்றே வரி. உங்கள் மகளின் வேலையில் தவறு இல்லை. அதை அளந்த ரிப்போர்ட்டில்தான் தவறு. அந்தத் தவறைச் செய்தவன் நான். கீழே கையெழுத்துப் போட்டுப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, விரலை வைத்து இரண்டு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து, காது கேளாதவர்களின் உரத்த குரலில் கேட்டார்:

"பீஸை ரிஜெக்ட் பண்றதுக்கு முன்னாடி அளக்குற கேஜைச் செக் பண்ண மாட்டீங்களா நீங்கள்லாம்?"

"பண்ணலை" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாவது முறை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மகள் என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "அந்த ரெண்டு வரி எது சார், பச்சை ஆகாதது?" என்றார். இயந்திரத்தின் கதவு திறந்திருக்கும்போதே கரண்ட்டும் போனால் ஓடுகிற இடம் என்றேன். "ஹவ், அது பாக்கி இருந்துச்சு. அடுத்த வாரம் எழுதலாம்னு வெச்சிருந்தேன்" என்றார்.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு. திங்கட்கிழமை காலை, அந்தப் பகுதிக்கு நேராக இருந்த என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போட்டேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று ஸ்கிரிப்ட் நின்றது. காலியாக விட்டுப் பார்த்தேன். பெயரில்லாமல் போகாது என்று மறுபடி நின்றது. எட்டு ஐம்பத்தைந்துக்கு என் பெயரையே திரும்பப் போட்டேன். ஒன்பது மணிக்குப் போய்விட்டது.

இப்போதெல்லாம் அந்த மின்னஞ்சலை முதல் வரியிலிருந்து படிக்கிறேன். அவர் பாக்கி வைத்துப் போன அந்த இரண்டு வரிகள் இன்னும் சிவப்புதான். அவற்றுக்குச் சோதனை எழுத எனக்கு அரை நாள் போதும். எழுதவில்லை.